சோலைக் கன்று ஏன் பிழைக்கவில்லை? நீலகிரி மேல்மலைக்கு, அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஊட்டி, குந்தா, கோத்தகிரி பக்கம் சுமார் 1,800 மீட்டருக்கு மேலே, சீகையும் (வாட்டில் என்னும் அயல் மரம்) கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) கைவிட்ட தேயிலையும் பிடித்துக்கொண்ட நிலத்தில் சோலை மரங்களை, அதாவது மேல்மலையின் இயற்கைக் காட்டு மரங்களை, திரும்பக் கொண்டுவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நட்டவர்கள் கூப்பிட்டுக் காட்டும் தொல்லைகள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றேதான்.

செத்த கன்று இருந்த குழியில் உடனே இன்னொரு கன்றை வைக்காதீர்கள். செத்ததைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், பிறகு அடுத்த வேலை. கையில் ஒரு களைக்கொத்து, ஒரு பேனாக்கத்தி, அளவு நாடா, குளிர்காலமானால் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையைக் காட்டும் தெர்மாமீட்டர். இவ்வளவு போதும்.

## நட்டது எல்லாமே சாகிறது, புல் மட்டும் செழிப்பாக இருக்கிறது

முதலில் இதைச் சரிபாருங்கள். செலவே இல்லாத சோதனை இதுதான். அந்த இடம் எந்தக் காலத்திலும் காடாக இருந்திருக்காமல் போகலாம்.

மேல்மலையில் சோலை ஓடை ஓடும் மடிப்புகளில் நிற்கும். வெளிச் சரிவும் முகடும் புல்வெளி. அது அழிந்துபோன காடு அல்ல, இயல்பிலேயே புல்வெளி. அங்கே மரம் நடுவது, வெள்ளைக்காரன் சீகை நட்ட அதே தப்பை நாட்டு மரத்தை வைத்துச் செய்வது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

- பக்கத்து மந்தில் (தோடர் குடியிருப்பில்) இருக்கும் பெரியவர்களிடம், அங்கே எருமை மேய்ந்ததா என்று கேளுங்கள். தோடர்கள் புல்லின் வகையையே பெயர் சொல்லிக் காட்டுவார்கள். அவர்கள் கோயில் கூரைக்கு வேண்டிய புல் எங்கே கிடைத்தது என்பது தலைமுறையாக அவர்களுக்குத் தெரிந்த விஷயம்.
- 2006-இலும் 2018-இலும் நீலக்குறிஞ்சி பூத்த சரிவா? அப்படியானால் அது புல்வெளி. ஆனால் குறிஞ்சி இனத்தில் பல வகை உண்டு, சில சோலைக்குள்ளேயே நிழலில் வளரும். பூத்தது திறந்த வெளியிலா, மரத்தடியிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
- பழைய சோலை மரத்தின் அடிக்கட்டை, நிழல் பெரணி, பாசி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று சுற்றிலும் தேடுங்கள்.

புல்வெளி என்று தெரிந்தால் நடுவதை நிறுத்துங்கள். சீகையை மட்டும் எடுத்துவிட்டு, பக்கத்து நல்ல புல்வெளியிலிருந்து தூரைப் பிரித்து, மழைக்காலத்தில் ஒரு அடி இடைவெளியில் ஊன்றலாம். அவ்வளவுதான். கன்று வாங்கிய பணம் போனது போனதுதான், அடுத்த வருடப் பணமாவது மிஞ்சும்.

## நட்டு இரண்டு மாதத்துக்குள் வாடிக் காய்கிறது

பிடுங்கினால் கையில் என்ன வருகிறது?

வேர் பையின் வடிவத்திலேயே சுருண்டிருக்கிறது. நாற்றுப்பையில் அதிக நாள் வைத்த கன்று. அடியில் ஆணிவேர் ஒரு சுற்று சுற்றி, ஜிலேபி மாதிரி நிற்கும். நட்ட பிறகும் வேர் பைக்குள் இருக்கும் பழக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், வெளி மண்ணுக்குப் போகாது. மிச்சமிருக்கும் கன்றுகளை நடும்போது பையைக் கிழித்து, அடியில் சுருண்ட பகுதியைக் கத்தியால் ஒரே வெட்டாக வெட்டிவிடுங்கள். மெல்லிய வேர்கள் பரவாயில்லை. ஆணிவேர் விரல் தடிமனுக்கு முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கன்றை விட்டுவிடுவதே மேல்.

பை பிரிக்கப்படவே இல்லை. சிரிக்காதீர்கள், வாராவாரம் பார்க்கிறேன். கூலிக்கு இத்தனை குழி என்று பேசிக்கொண்டால் இது நடக்கும். நாள் முடிவில் பிரித்த காலிப் பைகளை எண்ணி வாங்குங்கள். கன்று 200 என்றால் பையும் 200 வர வேண்டும்.

வேரே இல்லை, கன்று லேசாக இழுத்ததும் வந்துவிட்டது. மண்ணைக் கிளறுங்கள். ‘C’ மாதிரி வளைந்து படுத்த வெள்ளைப் புழு இருந்தால் அது வேர்ப்புழு. உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய காய்கறி நிலத்தை ஒட்டி நட்டால் இது சகஜம். குழி எடுத்துச் சில நாள் ஆறவிட்டு, மண்ணைக் கையால் பிசைந்து புழுவைப் பொறுக்கிப் போடுங்கள், மைனாக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சதுர அடிக்கு இரண்டு மூன்று என்று வந்துகொண்டே இருந்தால், மருந்து வாங்கும் முன் தோட்டக்கலைத் துறை அதிகாரியை அழைத்துக் காட்டுங்கள். கீழே ஓடை இருக்கிறது, ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

வேர் கறுத்து நாறுகிறது. குழியில் தண்ணீர் நின்றிருக்கிறது. மாடு மிதித்துக் கெட்டிப்பட்ட களிமண்ணில் கடப்பாரையால் எடுத்த குழி ஒரு சட்டி மாதிரிதான். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே குழி வேண்டாம். மண்ணை மேடாகக் குவித்து அதன்மேல் நடுங்கள்.

வேர் வெள்ளையாக, நல்லபடியாக இருக்கிறது, மண் மட்டும் பொடி. நட்ட காலம் தப்பு. மேற்கே குந்தா, அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், ஜூனிலேயே நட்டுவிடலாம். கிழக்கே கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அங்கே ஜூனில் நட்டால் ஆகஸ்டில் காய்ந்து நிற்கும். ஊட்டியில் நட்டவர் சொன்ன தேதியை அப்படியே கோத்தகிரிக்குக் கொண்டுபோகிறவர்கள் அதிகம்.

## காலையில் பார்த்தால் இலை எல்லாம் கறுத்து வெந்த மாதிரி இருக்கிறது

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை என்றால் பெரும்பாலும் உறைபனி. முந்தின நாள் மாலை தெளிந்த வானம், காற்றே இல்லை, காலையில் புல் வெள்ளை. இலை உடனே கறுக்காது, வெயில் பட்டு ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் கறுக்கும். அதனால் சிலர் வெயில் சுட்டுவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

முதல் வேலை, எதையும் வெட்டாதீர்கள். என் முதல் வருடத்தில் கருகியது எல்லாவற்றையும் செத்தது என்று பிடுங்கி ஓரமாகப் போட்டேன். நாற்றங்கால் அக்கா அதில் ஒன்றை எடுத்து, அடித்தண்டில் நகத்தால் கீறி என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே பச்சை. “இது செத்தது இல்ல தம்பி, குளிர்ல விறைச்சு நிக்குது. மார்ச் வரைக்கும் விட்டுப் பாரு.” அன்று பிடுங்கியதில் எத்தனை உயிரோடு இருந்ததோ! அதற்குப் பிறகு நகக்கீறல் பார்க்காமல் ஒரு கன்றைக்கூட நான் கணக்கிலிருந்து எடுத்ததில்லை. கருகிய நுனிகூட உள்ளே இருக்கும் மொட்டுக்கு ஒரு மூடிதான்.

காரணங்கள், செலவு குறைந்ததிலிருந்து:

மூடாக்கு இல்லாதது. நவம்பரிலேயே நான்கு குச்சி ஊன்றிப் பெரணித் தழையைக் கூடாரமாகச் சாத்திவிடுங்கள். தெற்குப் பக்கம் கொஞ்சம் திறப்பு இருக்கட்டும்.

தப்பான மரம். சோலையின் நடுவில் வளரும் செண்பகத்தையும் காட்டு இலவங்கத்தையும் திறந்த வெளியில் முதல் வரிசையாக நட்டால் பனி தின்றுவிடும். முதல் வரிசைக்குப் பனி தாங்கும் விளிம்புச் செடிகள் வேண்டும். புல்வெளியிலேயே தனியாக நின்று சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான், தவிட்டுப்பழம், ஊசிக்களா. அவை தலைக்கு மேல் வந்த பிறகு மற்றவை.

தப்பான இடம். இங்கேதான் பலரும் குழம்புவார்கள். சோலை பள்ளத்தில்தானே இருக்கிறது, பள்ளத்தில் நட்டால் என்ன? குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் வந்து தேங்கும். நிற்கிற சோலை தன் கூரையால் தன்னைக் காத்துக்கொள்கிறது, கூரை போன பள்ளத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெர்மாமீட்டரைக் கன்றின் உயரத்தில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். நெஞ்சு உயரத்தில் 4 டிகிரி காட்டும் இரவில் தரையில் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில், ஏற்கெனவே நிற்கும் சோலையின் விளிம்பிலிருந்து வருடத்துக்குச் சில மீட்டர் என்று வெளியே நகருங்கள். நடுவில் தனித்தீவாக நடாதீர்கள்.

## கன்றின் நுனியைக் காணோம்

வெட்டைப் பாருங்கள், ஆள் யார் என்று அதுவே சொல்லும்.

கத்தியால் சாய்த்து வெட்டியது போல் சுத்தமாக இருந்தால் முயல். நார் நாராகப் பிய்ந்திருந்தால் கடமான் அல்லது காட்டுமாடு. அவற்றுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, பிய்த்துத்தான் தின்ன முடியும். நாட்டு மாடும் அப்படித்தான், ஆகவே சாணியையும் பாருங்கள். கன்றைச் சுற்றி மண் உழுதது போல் புரண்டிருந்தால் காட்டுப்பன்றி. அடித்தண்டில் உளி வைத்தது போல் பட்டை போயிருந்தால் முள்ளம்பன்றி.

முயலுக்கு, பழைய தேயிலைக் குச்சிகளைக் கன்றைச் சுற்றி நெருக்கமாக ஊன்றினால் போதும். கடமானுக்கு முள் தழை. களை எடுத்து வரும் ஊசிக்களாக் கிளையைக் கன்றைச் சுற்றி அடுக்கிவிடுவோம், பைசா செலவில்லை. நாட்டு மாட்டுக்கு வேலி போடும் முன் மாட்டுக்காரரிடம் பேசுங்கள். மேயும் பாதையை விட்டு நட்டால் பாதித் தகராறு தீரும்.

காட்டுமாடு கூட்டமாக வந்து போகும் வழியென்றால் எந்த வேலியும் நிற்காது, அந்த வழியை விட்டுவிடுங்கள். மின்வேலி யோசனை வந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு வனத்துறையை அழையுங்கள். தமிழ்நாட்டில் 2023 முதல் இதற்குத் தனி விதிகளே இருக்கின்றன, நாமாக ஒயர் இழுக்கும் விஷயம் அல்ல.

## வெட்டிய சீகை பத்து மடங்காகத் திரும்பி வருகிறது

நான் அதிகம் பார்த்த தொல்லை இதுதான். அதிகப் பணம் வீணானதும் இதில்தான்.

முளைத்து நிற்பதில் ஒன்றைக் களைக்கொத்தால் சுற்றித் தோண்டுங்கள். இழுக்காதீர்கள், தோண்டுங்கள். கீழே இந்த மூன்றில் ஏதாவது ஒன்று தெரியும்.

தனக்கென்று ஓர் ஆணிவேர். விதையில் வந்தது. சீகை விதை மண்ணுக்குள் பத்துக்கணக்கான வருடங்கள் உறங்கிக் கிடக்கும், தீச்சூடு பட்டால் மொத்தமாக விழிக்கும். வெட்டிய கிளைகளைக் குவித்து எரித்தீர்களா? அந்தச் சாம்பல் வட்டத்தில் போய்ப் பாருங்கள், நாற்றங்கால் மாதிரி அடர்ந்திருக்கும். மருந்து எளிது, ஆனால் பொறுமை வேண்டும். மண் ஈரமாக இருக்கும் மாதங்களில், முழங்கால் உயரம் வரும் முன், கையால் பிடுங்குவது. வருடத்துக்கு இரண்டு சுற்று, ஐந்தாறு வருடமாவது. இதற்குக் கூலி ஒதுக்காமல் மரத்தை வெட்டவே கூடாது என்பது என் கருத்து.

குறுக்கே ஓடும் ஒரு பக்கவேர். வேரிலிருந்து கிளம்பிய முளை. சீகையில் எல்லா வகையும் ஒன்று அல்ல. இலை வெள்ளி பூத்தது போல் சாம்பல் நிறம், பூ பளிச்சென்ற மஞ்சள் என்றால் வெள்ளிச் சீகை, தாய் மரத்தை வெட்டினால் வேரெல்லாம் முளை விடும். இலை கரும்பச்சை, பூ வெளிர் மஞ்சள் என்றால் கறுப்புச் சீகை, இது வேரில் அவ்வளவாக முளைக்காது, விதைதான் இதன் பலம். சிறு சிறு இலையாகப் பிரியாமல் கத்தி போல் ஒரே இலையாக இருப்பது இன்னொரு வகை, அதுவும் வேரில் முளைக்கும். கணக்குப் பேசும் முன் தோப்பில் எது எவ்வளவு என்று எண்ணுங்கள்.

பழைய அடிக்கட்டை. உயரத்தில் வெட்டிவிட்டார்கள். தரைமட்டத்துக்கு வெட்டி, பட்டையை மண்வரை உரித்துவிடுங்கள்.

இனி முக்கியமான கேள்வி. மரத்தை வெட்டத்தான் வேண்டுமா? பழைய சீகைத் தோப்பின் அடியில் குனிந்து பாருங்கள். பல இடங்களில் நாவல், காட்டு இலவங்கம் போன்ற சோலைக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கும். பறவை போட்ட விதை, சீகை கொடுத்த நிழல். 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டி எண்ணிப் பார்த்து, முழங்கால் உயர நாட்டுக் கன்று இருபது முப்பது தேறினால் அங்கே வாள் வைக்க வேண்டாம் என்பேன். அந்தக் கன்றுகளின் தலைக்கு மேலே இருக்கும் கிளையை மட்டும் கழியுங்கள். கறுப்புச் சீகையில் வேண்டிய மரத்துக்கு மட்டும் தண்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்குப் பட்டையை உரித்தால் நின்றபடியே காயும், வெளிச்சம் மெதுவாக இறங்கும். ஒரேயடியாக வெட்டவெளி ஆக்கினால் அடுத்த மழைக்குச் சீகை நாற்றும், அதற்கு அடுத்த பனிக்குச் சோலைக் கன்றின் சாவும் நிச்சயம்.

யாரை எப்போது அழைப்பது? மரத்தில் வாள் வைக்கும் முன்பே. பட்டா நிலமானாலும், மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். அயல் மரம்தானே என்று வெட்டிவிட்டு அலைந்தவர்கள் உண்டு. சரிவில் சாய்ந்து நிற்கும் பெரிய மரத்தைத் தொழில் தெரிந்த மரம் வெட்டுபவர் மட்டுமே தொட வேண்டும்.

## உண்ணிச்செடி, செஸ்ட்ரம் திரும்பத் திரும்ப வருகிறது

அரிவாளால் சீவினால் வரத்தான் செய்யும். உண்ணிக்கு, தண்டும் வேரும் சேரும் கழுத்துக்கு ஓரிரு அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவின் குழு பரப்பிய முறை இது, சரிவிலும் மண்ணைப் பெரிதாகக் கிளறாது. கவிழ்க்காமல் போட்டால் கிளை மண் தொட்ட இடத்தில் வேர் பிடிக்கும்.

ஆரஞ்சுக் குழல் பூ பூக்கும் செஸ்ட்ரத்தை வேரோடு எடுத்த கையோடு அந்த இடத்தில் ஏதாவது நட்டாக வேண்டும். காலியாக விட்டால் மறுபடி அதுதான். ஓடைக்கரையில் மொத்தமாக ஒரே நாளில் எடுக்காதீர்கள், கரை சரியும்.

## விதை போட்டு மாதக்கணக்கில் முளைக்கவில்லை

நான்கைந்து விதையைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே வெள்ளையாக, உறுதியாக இருந்தால் பொறுங்கள். பழுப்பாக, சுருங்கி, பொடியாக இருந்தால் கொட்டிவிடுங்கள்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், விதையை வெயிலில் காய வைத்திருப்பார்கள். நெல்லுக்கும் கத்தரிக்கும் சரி, சோலை மரத்துக்கு அது சாவு. நாவல் இன விதை பழத்திலிருந்து எடுத்த அதே வாரத்தில் மண்ணுக்குள் போக வேண்டும். செண்பக விதையின் மேலே எண்ணெய்ப் பசையோடு சிவப்புத் தோல் இருக்கும். ஈர மணலில் தேய்த்து அதை முழுக்க நீக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் எலியும் தூக்கிப் போகும்.

ருத்ராட்ச இனத்துக்குக் கல் மாதிரி கொட்டை. மாதங்கள் போகும், வருடமும் ஆகலாம். அந்தப் பாத்தியில் தேதி எழுதிய பலகை வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது காலிப் பாத்தி என்று கொத்திவிடுவார்கள். எங்களிடம் ஒருமுறை நடந்தது, கொத்தியது நான்தான்.

விதையும் நல்லது, பாத்தியும் நல்லது, முளைத்த நாற்று மட்டும் தரைமட்டத்தில் அழுகிச் சாய்கிறது என்றால் முதலில் தண்ணீரைக் குறையுங்கள். இரண்டு முறை விதைத்தும் அதே கதை என்றால் மாதிரியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்துக்குப் போய்வாருங்கள்.

## உயிரோடு இருக்கிறது, ஆனால் வளரவே இல்லை

இரண்டு வருடம் வரை இது பிழையே இல்லை. சோலை மரம் நிதானமாகத்தான் போகும். சீகையின் வேகத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே நின்ற மாதிரிதான் தெரியும்.

தண்டில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஒரு மழைக்காலம் கழித்துப் பாருங்கள். கோட்டுக்கு மேலே புதுத் தளிர் ஒரு விரல் நீளம்கூட வரவில்லையென்றால், அடியில் கிக்குயு புல் இருக்கிறதா பாருங்கள். பால் மாட்டுக்கென்று வந்த அந்தப் புல் கம்பளம் மாதிரி வேர் விட்டு, தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிடும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கொத்தி எடுத்து, பழைய அட்டைப் பெட்டியை விரித்து, மேலே தழை போடுங்கள். அட்டையில் டேப் இருந்தால் உரித்துவிடுங்கள்.

புல் இல்லையென்றால் நிழல் அதிகமா என்று பாருங்கள், மேல் கிளையைக் கழியுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரே ஒரு கன்றைத் தியாகம் செய்து வேரைப் பாருங்கள், மறுபடி ஜிலேபியாக இருக்கலாம். கடைசியாக மண் பரிசோதனை. தேயிலை நிலம் புளிப்பு மண், அதற்குச் சோலை மரங்கள் பயப்படாது. சுண்ணாம்பு கொட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். பரிசோதனையோ மண்ணரிப்பு ஆலோசனையோ வேண்டுமானால் ஊட்டியிலேயே இந்திய மண், நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

## மரம் வந்துவிட்டது, அடியில் ஒன்றும் முளைக்கவில்லை

எட்டுப் பத்து வருடத்துக்குப் பிறகு வரும் கேள்வி. ஒரே நாலு வகை மரமா? பழம் தரும் செடி இருக்கிறதா? அதிகாலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், கொண்டைக்குருவி வருகிறதா? வரவில்லையென்றால் பழம் இல்லை. செத்த மரத்தை விறகுக்கு எடுத்துவிட்டீர்களா? அதில்தானே பறவை வந்து உட்காரும்! விளிம்பில் தவிட்டுப்பழமும் ஊசிக்களாவும் சேர்த்து, உள்ளே நிழல் தாங்கும் வகைகளை இப்போது நடுங்கள். முன்பே நட்டிருந்தால் செத்திருக்கும், இப்போது அவற்றுக்கு வேளை வந்துவிட்டது.

## மண்ணில் விரிசல், மரம் சாய்கிறது, ஊற்று கலங்கலாக வருகிறது

இதற்குச் சோதனை எதுவும் வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தபோது சரிந்த சரிவுகளை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விரிசல் சரிவுக்குக் குறுக்கே பிறை மாதிரி வளைந்திருந்தால், கீழே வீடு இருந்தால் ஆட்களை முதலில் நகர்த்துங்கள். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், தீயணைப்புத் துறை என்று வரிசையாகச் சொல்லுங்கள். அந்தச் சரிவைப் புவியியல் ஆய்வாளர்கள் பார்க்கும்வரை குழியெடுப்பு, மரம் வெட்டு, வாய்க்கால் எதுவும் கிடையாது. நாற்றுகளை நாற்றங்காலிலேயே வைத்திருங்கள், பைக்கு வெளியே வேர் எட்டிப் பார்த்தால் பெரிய பைக்கு மாற்றுங்கள்.